பணியிடக் குறிப்பேடுகளும் எளிய குறிமுறை எழுத்தும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தொழில்நுட்பப் பணியில் இருக்கும் நாங்கள், எங்கள் வேலையிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை எடுத்து, அப்பணிக்கு இனிமேல் செல்லவிருக்கும் இளைஞர்களுக்குப் பயன்படுமாறு பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். செயற்கை அறிவைப் பற்றியோ அயல்நாட்டு வேலைவாய்ப்பைப் பற்றியோ பேசுவோம் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் தேர்ந்துகொண்ட பொருள் அவற்றைக் காட்டிலும் மிகச் சிறியது. ஒரு தொழில்நுட்பக் குழு தன் வேலை முறைகளை எவ்வாறு எழுதி வைப்பது, எந்த வடிவில் எழுதி வைப்பது என்பதே அது. சிறிய பொருளாயினும், புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவருடைய முதல் ஆறு மாத வாழ்வு இதனைச் சார்ந்தே அமைகிறது என்பது எங்கள் பட்டறிவு.

மென்பொருள் செய்யும் குழு ஒன்றில் ஒருவர் புதிதாகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி மொழிகளை அவர் கல்லூரியிலேயே கற்றிருப்பார். ஆனால், அந்தக் குழுவின் நிரல்களை எந்த இயந்திரத்தில் ஏற்றுவது, ஏற்றுமுன் எவற்றைச் சரிபார்ப்பது, நள்ளிரவில் சர்வர் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வது, காப்புப் படிகள் எங்கே இருக்கின்றன ஆகியவற்றை எந்தக் கல்லூரியும் கற்பித்திராது. இவை பெரும்பாலும் மூத்தவர்கள் இருவர் மூவருடைய தலைக்குள்ளேயே இருக்கும். “கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்” என்பார்கள். கேட்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் பொருளன்று. மூத்தவரோடு ஒரே ஊரிலிருந்து வந்தவர், ஒரே கல்லூரியில் படித்தவர், மாலையில் உடன் தேநீர் அருந்துபவர் ஆகியோர் கேட்காமலேயே பலவற்றை அறிந்துகொள்கிறார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்து, ஆங்கிலத்தில் பேசக் கூசி, தாம் கேட்கும் கேள்வி தம் திறமையின் மீது ஐயத்தை உண்டாக்கிவிடுமோ என்று அஞ்சி நிற்பவர் மூன்று முறை யோசித்து ஒரு முறை கேட்கிறார். ஓராண்டு கழிந்து மதிப்பீடு செய்யும்போது, முன்னவர் விரைந்து கற்பவர் என்றும் பின்னவர் தாமதமாகக் கற்பவர் என்றும் எழுதப்படுகிறார்கள். எழுதி வைத்த குறிப்பு அப்படி ஆள் பார்ப்பதில்லை. திறந்து படிக்கும் எவருக்கும் அது ஒரே விடையைத் தருகிறது. ஆகவேதான் இப்பொருளை இம்மேடைக்கு ஏற்றதாகக் கருதினோம்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எப்படி எழுதி வைக்கிறோம் என்பதும் முக்கியம். நாங்கள் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் குறிப்புகள் இல்லாமல் இல்லை. வேர்ட் கோப்புகளாக ஏராளமாக இருந்தன. ஒரே கையேடு ‘இறுதி’ என்ற பெயரிலும், ‘புதிய இறுதி’ என்ற பெயரிலும், ‘திருத்தியது’ என்ற பெயரிலும் மூன்று இடங்களில் கிடந்தது. எது மெய்யான இறுதி என்பதை எழுதியவரே அறிவார். அவரோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஓர் இரவு தரவுத்தளத்தைக் காப்புப் படியிலிருந்து மீட்க வேண்டி வந்தது. பணியில் இருந்த இளைஞர் கையேட்டில் கண்ட கட்டளையை அப்படியே எடுத்து இயந்திரத்தில் இட்டார். இயந்திரம் ஏற்கவில்லை. தம் கை பிசகியதோ என்று எண்ணி மீண்டும் மீண்டும் இட்டார். இரண்டு மணி நேரம் கழித்தே காரணம் புலப்பட்டது. கட்டளைகளில் விருப்பச் சொல்லுக்கு முன்னே இரண்டு சிறு கோடுகள் இட வேண்டும். வேர்ட் மென்பொருளோ, தட்டச்சு செய்யும்போதே அவ்விரு கோடுகளையும் ஒரு நீண்ட கோடாகத் தானே மாற்றிவிடும். நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக்கிவிடும். கடிதத்திற்கு அஃது அழகு. கட்டளைக்கு அது நஞ்சு. கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை, இயந்திரத்திற்குத் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் எளிய குறிமுறை எழுத்து உதவிக்கு வருகிறது. குறிமுறை என்பது புதிய சொல்லாகத் தோன்றினாலும் பொருள் பழையதே. இவ்விழா மலர் அச்சகத்திற்குப் போகும்போது, பதிப்பாசிரியர் கைப்படியின் ஓரத்தில் சிவப்பு மையால் “இதனைப் பெரிய எழுத்தில் இடுக”, “இங்கே புதுப்பத்தி”, “இச்சொல் தடித்த எழுத்தில்” என்றெல்லாம் குறித்து அனுப்புவார் அல்லவா? அதுவே குறிமுறை. எழுத்து வேறு, எழுத்தின் தோற்றத்தைப் பற்றிய குறிப்பு வேறு என்பதே அதன் அடிப்படை. கணினியில் இவ்வழக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் 1971 நவம்பரில் வெளியான யூனிக்ஸ் கையேடு, வரியின் தொடக்கத்தில் புள்ளியிட்டு எழுதிய குறிகளைக் கொண்டு அமைக்கப்பட்டதுதான். பின்னர் 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற முறை பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் வழியே டாக்புக் முதலியவை தோன்றின. ஆற்றல் மிக்கவை, ஆனால் கனமானவை. ஒரு பத்திக்கு முன்னும் பின்னும், ஒரு பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கு முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் குறிச்சொற்களை எழுத வேண்டும். படிப்பவர் கண்ணுக்குச் செய்தியைவிடக் குறிச்சொல்லே மிகுதியாகத் தெரியும். வேலை மிகுந்த பொறியாளர் ஒருவர் ஒரு வரியைத் திருத்துவதற்காக இத்தனையையும் கற்றுக்கொள்ள முன்வருவதில்லை.

எளிய குறிமுறைகள் இதற்கு மாற்றாக எழுந்தவை. நாம் பள்ளி ஏட்டில் எழுதும்போது என்ன செய்கிறோம்? தலைப்பின் கீழே கோடு இழுக்கிறோம். பட்டியலுக்கு முன்னே சிறு கோடோ எண்ணோ இடுகிறோம். முக்கியமான சொல்லின் இருபுறமும் நட்சத்திரம் போடுகிறோம். இவற்றையே இலக்கணமாக வகுத்துக்கொண்டால், வெறும் எழுத்தாகப் படிக்கும்போதும் தெளிவாக இருக்கும், இயந்திரமும் புரிந்துகொண்டு அழகிய பக்கமாக ஆக்கித் தரும். டேவிட் குட்ஜர் வகுத்த ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட், 2002இல் ஸ்டூவர்ட் ராக்கம் வெளியிட்ட ஆஸ்கிடாக், 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் ஆகிய மூன்றும் இவ்வகையில் இன்று பெரிதும் வழங்குவன. மார்க்டவுன் உருவாக்கத்தில் குரூபருக்குத் துணை நின்றவர் ஆரன் சுவார்ட்சு. அப்போது அவருக்கு வயது 17. இங்கே அமர்ந்திருக்கும் மேனிலைப் பள்ளி மாணவர்கள் அந்த எண்ணை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

மார்க்டவுனில் தலைப்புக்கு வரியின் முதலில் # என்ற குறி. துணைத் தலைப்புக்கு அதனையே இருமுறை. பட்டியலுக்குச் சிறு கோடு. தடித்த எழுத்துக்குச் சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள். பத்திகளுக்கிடையே ஒரு வெற்று வரி. கட்டளைகளைச் சாய்ந்த மேற்கோள் குறி மூன்று கொண்ட இரு வரிகளுக்கிடையே அடைத்துவிட்டால், அதனுள் உள்ள ஓரெழுத்தையும் எவரும் மாற்றமாட்டார்கள். இரு கோடு இரு கோடாகவே இருக்கும். அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம் என்று சொல்வது மிகையன்று.

பெரிய அமைப்புகள் இம்மாற்றத்தைச் செய்த வரலாறு கற்கத் தக்கது. பைத்தான் கணினி மொழியின் கையேடுகள் நெடுங்காலம் லாடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் எழுதப்பட்டு வந்தன. லாடெக் கணக்கு நூல்களுக்கு நிகரற்றது. ஆயினும், கையேட்டில் ஒரு பிழையைக் கண்டு திருத்த விரும்பும் பைத்தான் அறிஞர்கள் பலருக்கு லாடெக் தெரியாது. 2007இல் கியார்க் பிராண்டல் என்பவர் அக்கையேடு முழுவதையும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டுக்கு மாற்றும் கருவியை எழுதினார். அம்முயற்சியிலிருந்தே ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவி பிறந்து 2008இல் வெளியாயிற்று. லினக்ஸ் கருவின் கதையும் இதனைப் போன்றதே. டாக்புக் வடிவில் இருந்த அதன் நூல்களை எளிய குறிமுறைக்கு மாற்ற எண்ணியவர்கள், முதலில் ஆஸ்கிடாக்கைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். பிறகு ஸ்பிங்ஸையே தேர்ந்து 2016இல் வெளியான 4.8ஆம் பதிப்பில் அதனைப் புகுத்தினார்கள். அவர்களிடம் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே ஏராளமான குறிப்புகள் முன்பே இருந்தன. அவற்றுள் பல, ஏறத்தாழப் புதிய குறிமுறையின் தோற்றத்திலேயே அமைந்திருந்தன என்பதும் ஒரு வசதி.

அப்படியானால் இம்மூன்றில் எதனைக் கொள்வது என்ற வினா எழும். ஆயிரம் பக்க நூல், குறுக்குக் குறிப்புகள், சொல்லடைவு எல்லாம் வேண்டுவோர்க்கு ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டும் ஆஸ்கிடாக்கும் பொருந்தும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு தன் அன்றாட நடைமுறைகளை எழுதி வைக்க மார்க்டவுனே ஏற்றது என்பது எங்கள் கருத்து. காரணம் அதன் அழகன்று. அதனை ஏற்கெனவே பலர் அறிந்திருக்கிறார்கள் என்பதும், அறியாதவர் விரைவில் அறிந்துகொள்ளலாம் என்பதுமே. எழுதுவோர் தொகை பெருகினால்தான் குறிப்பேடு உயிரோடிருக்கும்.

அதன் குறையையும் மறைக்கக்கூடாது. குரூபர் எழுதிய முதல் விளக்கம் பல இடங்களில் இருபொருள் படுவதாக இருந்தது. பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் எத்தனை இடைவெளி விடுவது என்பது போன்ற வினாக்களுக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விடை கண்டது. அட்டவணையும் அடிக்குறிப்பும் அதன் மூல வடிவில் இல்லவே இல்லை. கட்டளையை அடைக்கும் மூன்று குறிகளும் பின்னர் வந்தவையே. இதனால் ஊருக்கொரு வழக்குப் பேச்சுப் போலக் கிளைகள் பெருகின. இக்குழப்பத்தைத் தீர்க்க 2014இல் ஜான் மெக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலியோர் காமன்மார்க் என்ற திட்டமான இலக்கணத்தை வெளியிட்டார்கள். 2017இல் கிட்ஹப் நிறுவனம் அதனை அடியாகக் கொண்டு, அட்டவணை முதலியன சேர்த்துத் தன் கிளையின் இலக்கணத்தை வெளியிட்டது. ஆகவே ஒரு குழு செய்ய வேண்டிய முதற்காரியம், “நாம் இந்தக் கிளையை மட்டுமே கொள்கிறோம்” என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதே. அதனைச் செய்யாமல் தொடங்கிய குழுக்கள் ஓராண்டிற்குள் மூன்று கிளைகளைக் கலந்து எழுதித் தத்தளிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

மாற்றத்தை எப்படித் தொடங்குவது? இருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரே மாதத்தில் மாற்றிவிடுவோம் என்று புறப்படுவோர் பாதி வழியில் களைத்துவிடுகிறார்கள். இடர்வேளையில் எந்தக் குறிப்பைத் தேடி ஓடுகிறோமோ அதனை முதலில் மாற்ற வேண்டும்: காப்புப் படியிலிருந்து மீட்டல், சர்வரை மீண்டும் இயக்குதல், புதியவரின் கணினியை ஆயத்தம் செய்தல். மற்றவை கை படும்போது மாறட்டும். எவரும் திறவாத கோப்பை மாற்றுவதில் பயனில்லை. மாற்றுவதற்குப் பாண்டாக் என்ற கருவி உண்டு; காமன்மார்க்குக்குப் பாடுபட்ட அதே மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டது. அவர் கணினித் துறையினர் அல்லர், மெய்யியல் பேராசிரியர் என்பது வியப்புக்குரிய செய்தி. வேர்ட் கோப்பைக் கொடுத்தால் மார்க்டவுனாகத் தரும். மார்க்டவுனைக் கொடுத்தால் வேர்டாகவும் தரும். ஆனால் கட்டங்கள் இணைந்த சிக்கலான அட்டவணைகளும் படங்களும் அதில் சிதையக் கூடும். கட்டளைகளில் முன்பே புகுந்துவிட்ட நீண்ட கோடுகளும் வளைந்த குறிகளும் தாமாக நேராகிவிடமாட்டா. ஒருவர் ஒவ்வொரு கட்டளையையும் சோதனை இயந்திரத்தில் இட்டுப் பார்த்தே தீர வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். அதனைப் புதியவரின் தலையில் மட்டும் கட்டுவது முறையன்று. மூத்தவர் ஒருவரும் உடன் அமர வேண்டும்.

அடுத்து, குறிப்பேடு எங்கே இருக்க வேண்டும் என்பது. மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி, வெறும் எழுத்துக் கோப்புகளில் எந்த வரியை எவர் எந்நாளில் மாற்றினார், எதற்காக மாற்றினார் என்பதைக் காத்து வருகிறது. வேர்ட் கோப்பையும் அதில் இடலாம். ஆனால் வரிக்கு வரி வேறுபாட்டைக் கண்ணால் காண இயலாது. மார்க்டவுன் வெறும் எழுத்தாதலால், பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. நிரலை மாற்றுபவர் குறிப்பையும் அதே மாற்றத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் ஏற்கப்படாது என்று குழு முடிவு செய்துகொண்டால், நிரல் ஒரு பக்கமும் குறிப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும் நிலை பெரிதும் குறைகிறது. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நேற்றுச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையேட்டில் ஒரு பிழையைத் திருத்தினால், அவர் பெயரும் நாளும் அங்கே பதிவாகின்றன. அவருடைய உழைப்பைப் பின்னர் வேறொருவர் தம்முடையது என்று சொல்லிக்கொள்வது எளிதன்று. வாய்மொழியாகச் சொன்ன யோசனைகள் யார் பெயரில் போய்ச் சேர்ந்தன என்பதைப் பற்றி இங்குள்ள பணியாளர் பலரும் கதை கதையாகச் சொல்லக் கூடியவர்கள். அதனை விரிக்க இது நேரமன்று.

ஒரு சிறிய நுட்பத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்கி எழுதுங்கள். பக்கமாக்கும்போது மார்க்டவுன் அவற்றை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். ஆனால் திருத்தங்களை ஒப்பிடும்போது எந்த வாக்கியம் மாறிற்று என்பது பளிச்சென்று தெரியும். இது புதிய யோசனையன்று. பிரையன் கெர்னிகன் 1974இலேயே யூனிக்ஸ் பயில்வோர்க்கு இதனைச் சொல்லியிருக்கிறார்.

எதிர்ப்பு வரும். “இத்தனை நாள் ஓடிய வண்டிதானே” என்று மூத்தவர் கேட்பார். அவரோடு வாதிடுவதைவிட, அவர் நாள்தோறும் பிறர்க்குச் சொல்லிச் சலித்த ஒரு விடையை எழுதித் தந்து, “அடுத்த முறை எவரேனும் கேட்டால் இதனைக் காட்டுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். கணக்குப் பிரிவினரும் மேலாளர்களும் குறிகள் நிறைந்த கோப்பைக் காண விரும்பமாட்டார்கள். அவர்கள் விரும்பும் வடிவிலேயே பாண்டாக்கைக் கொண்டு ஆக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அவர்களையும் மாறச் சொல்வது வீண் பிடிவாதம். ஒப்பந்தப் பத்திரங்களுக்கும், நிரப்ப வேண்டிய படிவங்களுக்கும், பக்க அமைப்பே உயிரான விளம்பரத் தாள்களுக்கும் மார்க்டவுன் ஏற்றதன்று. மேலும், எழுதும் மனமில்லாத குழுவை எந்த வடிவமும் எழுத வைக்காது.

தமிழில் எழுதுவோர்க்கென்று சில சொற்கள். ஒரு காலத்தில் தமிழ்க் கோப்புகளை ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றத்தில் தட்டச்சு செய்தோம். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதிய கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வெறும் எழுத்துக் கோப்பு எந்த எழுத்துருவையும் தன்னோடு சுமந்து செல்வதில்லை. ஆகவே அதில் தமிழை யூனிகோடில்தான் எழுத வேண்டும். 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இனி, காமன்மார்க் இலக்கணத்தில் தமிழுக்கு ஓர் இடறல் உண்டு. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வரும். கோப்பு என்ற பகுதியை மட்டும் நட்சத்திரங்களுக்குள் அடைத்துக் ‘கோப்புகளை’ என்று எழுதினால் ‘கோப்பு’ தடித்துத் தெரியும், தீங்கில்லை. ஆனால் நட்சத்திரங்களுக்கு உள்ளே மேற்கோள் குறி இருந்து, மூடிய நட்சத்திரத்தை ஒட்டி உருபு வந்தால், இயந்திரம் அதனை முடிவுக் குறியாக ஏற்காது. நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் தெரியும். மேற்கோள் குறியை நட்சத்திரத்திற்கு வெளியே இட்டுவிட்டால் சரியாகிவிடும். நட்சத்திரத்திற்குப் பதிலாக அடிக்கோட்டுக் குறியை இடுவோர்க்கோ, உருபு ஒட்டினாலே வேலை செய்யாது. சாய்வெழுத்தையும் தமிழில் தவிர்த்துவிடலாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் மெய்யான சாய்வு வடிவம் கிடையாது. கணினி எழுத்தை வெறுமனே சரித்துக் காட்டுகிறது, அது கண்ணுக்கு இதமாக இல்லை.

வேலையில் சேரும் முதல் வாரத்தில் உங்கள் கணினியை ஆயத்தம் செய்ய நீங்கள் படும் பாட்டை ஒவ்வொரு படியாக எழுதி வாருங்கள். அந்த வாரம் உங்களுக்குத் தெரிவது மூத்தவர்க்குத் தெரியாது. அவர் அதனை எப்போதோ மறந்துவிட்டார். வாரக் கடைசியில் அதனைக் களஞ்சியத்தில் சேர்க்க இசைவு கேளுங்கள். மறுப்பவர் குறைவு. அடுத்து வருபவர் உங்கள் குறிப்பைத் திறந்து வேலையைத் தொடங்குவார்.

இவ்வுரையின் கைப்படியையும் மார்க்டவுனிலேயே எழுதினோம். மாதிரிக் கோப்புகள் சிலவும், ஒரு பக்க விதித்தாளும் சங்க நூலகத்தின் கணினியில் வைக்கப்பட்டுள்ளன. கூட்டம் முடிந்ததும் நாங்கள் அங்கே இருப்போம். எழுதிப் பார்க்க விரும்புவோர் வரலாம்.